டெர் டெர்மெஸ்: வெட்டிவேர் பிடித்தவர்கள் ஒருமுறை அடித்துப் பார்க்கலாம்

இந்த சென்ட்டை அடித்த உடனே, ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்தக் கசப்பு கலந்த வாசம்தான் முதலில் மூக்கில் ஏறும். அதை வைத்தே முடிவு செய்துவிடாதீர்கள். அரை மணி நேரம் போனால் ஆரஞ்சு அடங்கி, மிளகுக் காரமும், அப்புறம் காய்ந்த வெட்டிவேரும் சீடார் மரமும் மேலே வரும், வெயிலில் கிடந்த கல் மாதிரி ஒரு வறண்ட வாசனை, எனக்கு உயிரே அந்தக் கட்டம்தான். சென்ட் தயாரிப்பாளர் ஷான்-க்ளோட் எல்லெனா 2006இல் எர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக உருவாக்கியது இது.

இதில் பல வகை உண்டு, முக்கியமானவை இரண்டு. ஓ டி டாய்லெட் லேசாக, பளிச்சென்று இருக்கும். 2009இல் வந்த பர்ஃபம் இன்னும் அடர்த்தி, மரவாசம் தூக்கல். நம் ஊர் வெயிலுக்கு முதலாவதே போதும், அதுவும் இரண்டு ஸ்ப்ரேக்கு மேல் வேண்டாம்.

கடையில் காகிதத் துண்டை மட்டும் முகர்ந்துவிட்டு வாங்காதீர்கள், மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், தோலில் வேறு மாதிரி இருக்கும். வெனிலா மாதிரி இனிப்பு வாசனை தேடுபவர்களுக்கு இது ஒத்துவராது. விலையும் அதிகம்தான், முதலில் 50 மில்லி வாங்கினால் போதும்.