ஆயில் ஹீட்டரும் ஒரு பென்சில் கோடும்

போன வாரம் நண்பன் கேட்டான்: "டேய், குளிர் ஆரம்பிச்சிருச்சு. ஃபேன் ஹீட்டர் வாங்கவா, ஆயில் ஹீட்டர் வாங்கவா? எது கரண்ட் கம்மியா இழுக்கும்?" என் ஹீட்டர் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி 10 நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கடுப்பில் "ரெண்டும் வேண்டாம், போர்வை வாங்கு" என்று பதில் போட்டுவிட்டேன். பாவம், அவன் ஒழுங்காகத்தான் கேட்டான். அதனால் இப்போது கொஞ்சம் நிதானமாக.

என்னிடம் இருப்பது 11 தகடு ஆயில் ஹீட்டர். 1000, 1500, 2500 வாட் என்று மூன்று நிலை. படுக்கையறையில் இது அதற்கு நாலாவது குளிர்காலம்.

கரண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஃபேன் ஹீட்டர், சிவக்கச் சிவக்க எரியும் ராடு ஹீட்டர், ஆயில் ஹீட்டர் எல்லாம் ஒரே ஜாதி. ஒரு யூனிட் மின்சாரம் உள்ளே போனால் ஒரு யூனிட் வெப்பம் வெளியே வரும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதும் இல்லை. சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது மட்டுமே அதன் வேலை. 1500 வாட்டில் 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட், 30 நாளுக்கு 360. அட்டைப்பெட்டியில் "மின் சிக்கனம்" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் இந்தப் பெருக்கல் மாறாது. அதை நம்பி வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆக, பில்லைத் தீர்மானிப்பது ஹீட்டர் எவ்வளவு நேரம் நின்று நின்று ஓடுகிறது என்பதுதான். அது தெர்மோஸ்டாட்டின் கையில், அதாவது சூடு போதும் என்றால் அணைத்து, குறைந்தால் மறுபடி போடும் தானியங்கி சுவிட்சின் கையில் இருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சலும் அங்கேதான்.

அதன் குமிழில் 1 முதல் 6 வரை எண்கள். டிகிரி இல்லை. 3 என்றால் எவ்வளவு? கையேட்டிலும் கிடையாது. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய சின்னப் பட்டை ஒன்று இருக்கிறது. சூடானால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். அந்தப் பட்டை இருப்பது ஹீட்டரின் உடம்பிலேயே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். கட்டிலில் படுத்திருக்கிற எனக்குக் குளிர்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஹீட்டரைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால் அங்கேயே சூடு தேங்கி, அறை முழுக்கச் சூடாகிவிட்டதாக நினைத்து அணைந்துவிடும். துணி பற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு.

முதல் குளிர்காலம் முழுக்க இந்தக் குமிழோடு மல்லுக்கட்டினேன். முழுக்கத் திருப்பிவைத்து, அறை இதமானதும் "டக்" என்று சத்தம் வரும் வரை பின்னால் திருப்பி, அந்த இடத்தில் ஹீட்டரின் உடம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். 3-ஐத் தாண்டிக் கொஞ்சம். மூன்று வருடம் அந்தக் கோடுதான் எனக்கு தெர்மாமீட்டர்.

இந்த வருடம் அது அணையவே மறுத்தது. கடையில் திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டில் மின்சாரத்தைச் சேர்க்கும் தொடுமுனை கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. "எண்ணெயும் மாத்தணுமா?" என்று கேட்டேன். மெக்கானிக் சிரித்துவிட்டு, "அது மாத்துற எண்ணெய் இல்ல சார், சீல் பண்ணது" என்றார். தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார். வேலையில் குறை இல்லை. ஆனால் புது தெர்மோஸ்டாட்டின் 3 வேறு, பழையதின் 3 வேறு. நான் வழக்கம்போலக் கோட்டில் வைத்துவிட்டுத் தூங்கினேன். நடுராத்திரி வியர்த்து எழுந்தேன். பிளக்கில் மாட்டியிருந்த மீட்டர் காலையில் 9.8 யூனிட் காட்டியது. வழக்கமாக 6-ஐத் தொடாது.

அந்த 6-க்குள் கொண்டுவந்ததும் ஹீட்டர் இல்லை, ஒரு பழைய பெட்ஷீட். கதவின் அடியில் 1 சென்டிமீட்டர் இடுக்கு. கதவு அகலம் 80. அதாவது சுவரில் 80 சதுர சென்டிமீட்டருக்கு ஓட்டை போட்டுவிட்டு அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். பெட்ஷீட்டை உருட்டி அங்கே அடைத்து, ஜன்னல் விளிம்புகளுக்கு ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியதும் ஏறக்குறைய அதே குளிரில் 7.4 யூனிட் 5.6 ஆனது. (மின்சார ஹீட்டர் என்பதால்தான் இந்த அடைப்பு. கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் காற்று வரும் வழியை அடைத்துவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலை வைக்கும்.)

இன்னொன்று, 2500 வாட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். முதல் மாதம் மாட்டினேன், பிளக்கைத் தொட்டதும் கையை உதறினேன்.

திட்டுவதிலேயே நல்லதைச் சொல்ல மறந்துவிட்டேன். சத்தம் இல்லை. கண்ணைக் கூசும் சிவப்பு வெளிச்சம் இல்லை. காலையில் அணைத்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் தகடுகள் வெதுவெதுப்பாக இருக்கும். குளித்துவிட்டு வந்து அதன் பக்கத்தில் நின்று தலை துவட்டும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இதை மன்னிக்கலாம் என்று தோன்றும்.

சரி, நண்பனுக்கு என்ன சொல்வது? உன் ஏசி ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பட்டன், அதாவது அறையைச் சூடாக்கும் பட்டன், இருக்கிறதா பார் என்றேன். போட்டோ எடுத்து அனுப்பினான், இருக்கிறது! வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லையாம். அந்த ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து உள்ளே இழுத்து வருகிறது. அதனால் மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குக்கூட வெப்பம் தரும். குளிர் கடுமையானால் குறையும், அப்போதும் என் ஹீட்டருக்குக் கீழே போகாது. அவனுக்கு ஹீட்டரே தேவையில்லை.

எனக்கு அறையில் ஏசி கிடையாது. இது மறுபடி பழுதானால் ரிப்பேருக்கு அனுப்பமாட்டேன், தூக்கிப் போடுவேன். போட்டுவிட்டு இதே மாதிரி இன்னொன்றுதான் வாங்குவேன் என்பதும் தெரியும். நேற்று புதுக் கோடு போட்டாயிற்று, 2-க்குச் சற்று முன்னால். பழைய கோட்டை அழிக்க மனம் வரவில்லை, அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது.