'ஒரு யூனிட் பக்கெட்' லோடர்: பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எம்-சாண்ட், ஜல்லி யார்டு வைத்திருப்பவர்கள் பழைய வீல் லோடருக்கு (முன்னால் பெரிய பக்கெட்டோடு அள்ளிப் போடும் சக்கர வண்டி) அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 'ஒரு யூனிட் பக்கெட் வண்டி', அதாவது ஒரு அள்ளுக்கு 100 கன அடி, என்று எங்கள் தலையில் கட்டப்பட்டது, நிலக்கரி அள்ளும் பக்கெட்டை மாட்டிய, மூன்று டன் சுமைக்கான லோடர்.

எங்கள் யார்டு கரூர் பக்கம். அதுவரை லோடு போட்டது ஜேசிபிதான். அதன் முன்பக்கெட் ஏறக்குறைய 1 கன மீட்டர்தான். காலையில் டாரஸ் (பெரிய டிப்பர் லாரி) வரிசை கட்டினால் டிரைவர்கள் டீக்கடைக்கும் யார்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். குவித்த மணலை அள்ளிப் போட, ஹாப்பருக்கு (பொருளைக் கொட்டும் புனல் தொட்டி) ஊட்ட, நூறு மீட்டருக்குள் தூக்கிக்கொண்டு ஓட, இதற்கெல்லாம் வீல் லோடர்தான் சரி. கெட்டித் தரையைத் தோண்ட அது ஆகாது, பொக்லைன்தான் வேண்டும். 'தோண்டவும் செய்யும்ணா' என்று ஒரு புரோக்கர் சொன்னார். அவரை அத்தோடு விட்டுவிட்டோம்.

அப்புறம் கிடைத்தவர்தான் இவர். தூத்துக்குடி வட்டாரத்தில் பழைய வண்டி வாங்கி விற்பவர். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். 'ஒரு யூனிட்னா 100 கன அடி. நாலு அள்ளு, டாரஸ் ஃபுல்லு. உங்களுக்குன்னே வந்த வண்டி சார்' என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னோம். அவர் இடத்திலேயே கறுப்பாக ஒரு நிலக்கரித் தூள் குவியல். அதில் பக்கெட் வழிய அள்ளி, தூக்கி, திருப்பி, அலுங்காமல் கொட்டிக் காட்டினார்கள். 'மணலில் காட்டுங்க' என்று கேட்டோம். 'இங்க மணலுக்கு எங்க சார் போறது, எல்லாம் ஒண்ணுதான்' என்று பேச்சை மாற்றிவிட்டார். கம்பெனி நேம் பிளேட் இல்லை. பெயின்ட் அடிக்கும்போது கழற்றியதாம். மீட்டர் ஆறாயிரத்துச் சொச்சம் மணி நேரம் காட்டியது.

யார்டுக்கு வந்து, கழுவிய ஈர எம்-சாண்டை அள்ளியபோதே ஆபரேட்டர் தம்பி முகம் மாறிவிட்டது. 'அண்ணா, பின்னாடி தூக்குதுண்ணா' என்று கத்தினான். வண்டி நடுவில் மடிந்து திரும்பும்போது பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்ததை நானே பார்த்தேன். டிப்பரில் கொட்டப் போனால் பக்கெட்டின் உதடு பக்கப் பலகையில் இடித்தது. பக்கெட் நீளமானால், கவிழ்க்கும்போது அதன் முனை இன்னும் கீழே தொங்கும், கொட்டும் உயரம் குறைந்துவிடும்.

கணக்கு இதுதான். ஒரு யூனிட் 2.83 கன மீட்டர். உதிரி நிலக்கரி கன மீட்டருக்குச் சுமார் 0.85 டன், ஆக ஒரு பக்கெட் இரண்டரை டன்னுக்குள் அடங்கிவிடும். எம்-சாண்ட் 1.6 டன் என்றாலே நாலரை டன், ஈரமாக இருந்தால் இன்னும் மேலே போகும். மூன்று டன் வண்டிக்கு மணல் பக்கெட் 1.8 கன மீட்டரை ஒட்டித்தான் வரும், அதாவது 60 கன அடி சொச்சம். பொருள் லேசாக இருந்தால் பெரிய பக்கெட் மாட்டுவது தப்பே இல்லை, நிலக்கரி யார்டில் அது சரியான பக்கெட். அதை மணல்காரனிடம் பக்கெட் அளவை மட்டும் சொல்லி விற்பதுதான் மோசடி.

கம்பெனிகள் ஒரு லோடருக்கு எவ்வளவு சுமை என்று போடுவது பக்கெட்டை வைத்து அல்ல. முழுசாகத் திருப்பிய நிலையில் எவ்வளவு எடைக்கு வண்டி முன்னால் கவிழும் என்று பார்த்து, அதில் பாதிதான் அனுமதிக்கப்பட்ட சுமை. அந்த எண் நேம் பிளேட்டிலோ கையேட்டிலோ இருக்கும். பிளேட் ஏன் காணாமல் போனது என்பது இப்போது புரிகிறது.

சில வாரத்தில் முன் ஆக்ஸிலில் சத்தம். மெக்கானிக் சக்கர ஹப்பைத் திறந்தால், உள்ளே சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பிளானட்டரி கியரின் பல் உடைந்து, ஆயிலில் இரும்புத் துகள் மினுங்குகிறது. பக்கெட்டை வண்டியோடு கோக்கும் இரும்பு ஆணி (pin) மாட்டும் காதுகளை அறுத்து மறுபடி வெல்டிங் வைத்திருந்தார்கள், மேலே மஞ்சள் பெயின்ட். ஃபிரேமில் குத்தியிருந்த நம்பரைத் துலக்கி டீலரிடம் கேட்டபோதுதான் மூன்று டன் மாடல் என்று உறுதியானது. பிரேக் பெடலின் புது ரப்பரை உரித்துப் பார்த்தோம், அடியில் இரும்பே வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆறாயிரம் மணி நேரத்தில் அப்படித் தேயாது என்றார் மெக்கானிக்.

போன் செய்தால், 'நீங்க ஓவர்லோடு போட்டா நான் என்ன சார் பண்றது' என்கிறார். பில்லில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருக்கிறது. தொழிலுக்காக வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கஷ்டம், பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டினால்தான் 2019 சட்டத்தில் இடமுண்டு என்கிறார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்கள் வண்டியை எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். மூன்று டன் வகை வெறும் வண்டி 10 டன் பக்கம் இருக்கும், ஐந்து டன் வகை 16, 17 டன் வரும். டயரும் காட்டிக்கொடுக்கும்: சின்னதில் பொதுவாக 17.5-25, பெரியதில் 23.5-25. நீங்கள் அள்ளப்போகும் பொருளையே ஒரு பக்கெட் டிப்பரில் போட்டு எடை பாருங்கள், மணல் இல்லை என்றால் ஒரு லோடு வரவழையுங்கள், அந்தக் காசு பெரிதில்லை. நிறைந்த பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, தள்ளி நின்று பாருங்கள். சட்டென்று இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு. நடு மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சியில் கடன் நிலுவை இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் கை வைக்காதீர்கள். எத்தனை டன், எத்தனை கன மீட்டர், எந்தப் பொருளுக்கு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் வண்டிக்கு இப்போது சின்ன பக்கெட் அடித்து, ஆக்ஸிலும் மாற்றி ஓட்டுகிறோம். அவர் போன வாரமும் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னொரு 'ஒரு யூனிட் பக்கெட்' வண்டி படம் போட்டிருக்கிறார், அதிலும் நேம் பிளேட் இருக்கும் பக்கம் தெரியவில்லை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஃபிரேம் நம்பர் படத்தைக் கேட்டு வாங்கி, டீலரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.