18,000 வெள்ளி போச்சு: கிளினிக்கில் முதலீடு என்று யாராவது வந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கிளினிக்கில் முதலீடு என்று என்னிடம் பணம் வாங்கியவர்களின் அலுவலகத்துக்கு இன்று காலை நேரிலேயே போனேன். அங்கே ஆள் இல்லை. மாத வாடகைக்கு ஒரு மேசை எடுத்திருந்தார்களாம், போன மாதமே காலி செய்துவிட்டார்களாம். என் 18,000 வெள்ளியை நம்பிக் கொடுத்தது ஒரு வாடகை மேசைக்கு!

பெயர் போடவில்லை, போலிஸில் புகார் கொடுத்திருக்கிறேன். இணையத்தில் ஆள் சேர்த்து, தனியார் கிளினிக்குகளில் பணம் போடவைக்கும் ஒரு தளம். நுரையீரலுக்கும் தொற்றுநோய்க்கும் மட்டுமான கிளினிக்குகளாம். ஆண்டுக்கு 9 விழுக்காடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும் என்றார்கள்.

சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டபடி பேசினோம். அந்தத் தளத்தின் சார்பில் வந்த தம்பி நல்ல தமிழ் பேசினான். 2003 சார்ஸில் இங்கே சிங்கப்பூரில் 33 பேர் இறந்தது, 2019-இல் நொவீனாவில் 330 படுக்கைகளோடு தொற்றுநோய் நிலையம் திறந்தது, எல்லாம் விரல்நுனியில். "அரசாங்கமே இவ்வளவு போடுதுன்னா யோசிச்சுப் பாருங்க அக்கா" என்றான். அவன் சொன்னதில் அந்தப் பகுதி மட்டும் உண்மை. 2021-இல் அம்மா கோவிட்டோடு படுத்திருந்ததைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இப்ப மாடிப்படி ஏறினா அம்மாவுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டான். என் கூடப் பிறந்தவன்கூட அதைக் கேட்டதில்லை. அன்றிரவே 8,000 அனுப்பினேன்.

மூன்று மாதத்தில் 180 வெள்ளி வந்தது. அந்த 180-ஐப் பார்த்துத்தான் இன்னொரு 10,000 போட்டேன். ஆக 18,000.

அப்புறம் ஒரு காசு வரவில்லை. முதலில் "ஆடிட் போகுது அக்கா". பிறகு "புது கிளினிக்குக்கு லைசென்ஸ் வரட்டும்". பிறகு "தீபாவளி முடியட்டும்". கடைசியில் இரண்டு நீலக் கோடு மட்டும்.

இப்போதுதான் தாளை ஒழுங்காகப் படிக்கிறேன். வாயால் சொன்னது பங்கு, தாளில் இருப்பது கடன். அதுவும் கிளினிக் நடத்தாத வேறொரு கம்பெனிக்கு. இன்னொரு பக்கத்தில் நான் 'தகுதிபெற்ற முதலீட்டாளர்' என்று டிக் போட்டிருக்கிறேன். அதற்கு ஆண்டு வருமானம் 300,000 வெள்ளியாவது வேண்டும், இல்லையென்றால் சொத்து 20 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். சாதாரண நாலறை அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எனக்கு! "சும்மா ஃபார்மாலிட்டிதான் அக்கா" என்றான். சாதாரண ஆளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பில் ஒரு பகுதியை அந்த டிக்கிலேயே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. நாணய ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். கிளினிக்குக்குச் சுகாதார அமைச்சின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பொய்யாக டிக் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் பணம் அனுப்புவதற்கு முன்னாலேயே 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

புகார் எழுதிய அதிகாரி, திரும்ப ஏதாவது வந்ததா என்று கேட்டார். 180 என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.