கோடெக் போர்டும் வெளி மைக்ரோகண்ட்ரோலரும்: நெடுநாள் அனுபவம்

ஒலியை டிஜிட்டலாகவும் டிஜிட்டலை ஒலியாகவும் மாற்றும் சிப்தான் ஆடியோ கோடெக். அதைச் சோதித்துப் பார்க்க உதவும் இவாலுவேஷன் போர்டோடு வரும் கணினி மென்பொருள் சிப்பைப் பழகிக்கொள்ள நல்லது. ஆனால் கணினி இல்லாமல் போர்டு தானாக எழுந்து பாட வேண்டுமென்றால் வெளி மைக்ரோகண்ட்ரோலர்தான் வழி. டிஎல்வி320ஏஐசி3254 என்ற கோடெக் சிப் உள்ள போர்டு ஒன்றை நெடுநாளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

முதலில் போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி கண்ட்ரோலரை ஐ2சி லைனிலிருந்து (சிப்புகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் இணைப்பு) விலக்க வேண்டும். பேச்சைத் தொடங்கி நடத்தும் மாஸ்டர்கள் இரண்டு ஒரே பஸ்ஸில், அதாவது ஒரே கம்பிகளில், இருந்தால் ஒருநாள் சரியாக வரும், மறுநாள் வராது. கம்பியை மின்னழுத்தத்துக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 4.7 கிலோ ஓம் இரண்டு இணையாகச் சேர்ந்தால் 2.35 ஆகிவிடும், 3.3 வோல்ட்டில் அது தாங்கும், மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை. கோடெக்கின் ஐஓ மின்னழுத்தம் 1.8 வோல்ட்டில் இருந்தால் நடுவே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் கட்டாயம்.

மென்பொருள் தரும் ஸ்கிரிப்டில் சிப்பின் ஐ2சி முகவரி ஹெக்ஸில் 30 என்றிருக்கும். அது எழுதும் பிட்டையும் சேர்த்த எட்டு பிட் கணக்கு. ஏழு பிட் கேட்கும் லைப்ரரிக்கு ஹெக்ஸில் 18 என்று கொடுக்க வேண்டும். அடுத்தது, சிப்பின் அமைப்புகளை எழுதிவைக்கும் இடங்களான ரெஜிஸ்டர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ரெஜிஸ்டர் 0-இல் பக்க எண்ணை எழுதாமல் எதைத் தொட்டாலும் வேறெங்கோ போய் விழும். பக்க எண்ணையும் ரெஜிஸ்டரையும் சேர்த்தே வாங்கும் ஒரே ஃபங்ஷனாக எழுதிக்கொண்டால் நிம்மதி.

உண்மையான வேலை கிளாக்கில் இருக்கிறது. கோடெக்குக்குத் தாளம் கொடுக்கும் மாஸ்டர் கிளாக் சிக்னல் இல்லாவிட்டாலும் ஐ2சி ஒழுங்காகப் பதில் சொல்லும், எழுதியதெல்லாம் பதிவாகும், சத்தம் மட்டும் வராது. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டுக்கு 12.288 மெகாஹெர்ட்ஸ், 44.1-க்கு 11.2896, இரண்டுமே 256 மடங்கு. இந்தக் கிளாக் கம்பி குட்டையாக இருக்கட்டும், பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் கம்பியும் போகட்டும். ஐ2சி கம்பி கொஞ்சம் நீண்டாலும் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

ஹெட்ஃபோனில் வரும் 'டப்' சத்தத்தை அடக்க ஆம்ப் மெதுவாக ஏறும்படி வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு குத்துமதிப்பான டிலே போடுவதை நான் விரும்புவதில்லை. பக்கம் 0-இல் ரெஜிஸ்டர் 37-ஐப் படித்தால் டிஏசியும் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் பகுதி) ஹெட்ஃபோன் ஆம்பும் எழுந்துவிட்டனவா என்று சிப்பே சொல்லும். அது சொன்ன பிறகே மியூட்டை எடுக்கிறேன். என் அனுபவத்தில் இந்தப் போர்டில் கிடைத்த மிகப் பெரிய வசதி இதுதான்.

அப்புறம் ஒலியளவைத் திருப்பி மாற்ற ரோட்டரி என்கோடர் என்ற குமிழ் ஒன்றையும் சேர்த்தேன். ரெஜிஸ்டர் 65, 66 இரண்டும் இடது வலது ஒலியளவு. ஒரு படிக்கு 0.5 டெசிபெல். ஒலியளவைப் படிப்படியாக மாற்றும் சாஃப்ட்-ஸ்டெப்பிங் இயங்குவதால் வேகமாகத் திருப்பினாலும் கரகரப்பு கேட்பதில்லை.