கொயரில் பாடுவதைத் தொழிலாக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வகுப்பு

சிங்கப்பூரில் பிராஸ் பாசா பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் சனிக்கிழமைகளில் நடக்கும் சேர்ந்திசைப் பயிற்சி இது. பள்ளியில் கொயர் சிசிஏவில் (இணைப்பாட நடவடிக்கையில்) பாடிவிட்டு, இதையே தொழிலாகச் செய்யலாமா என்று யோசிக்கும் இருபது வயதுக்காரர்களுக்கானது. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். என் குரல் ஆல்ட்டோ, அதாவது பெண் குரல்களில் தாழ்ந்தது.

மொத்தம் எட்டே பேர், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல் வகைகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். பக்கத்தில் நிற்பவரை நம்பிப் பாட வழியே இல்லை. பார்க்காத பாட்டைக் கையில் கொடுப்பார்கள்; நிற்காமல் கடைசி வரை போக வேண்டும், தவறவிட்டால் அடுத்த பாரில் (தாளக் கட்டத்தில்) சேர்ந்துகொள்ள வேண்டும். சம்பளம் கொடுத்துப் பாட அழைக்கும் இடங்களில் ஒத்திகை மிகக் குறைவு. பள்ளிகள் பங்கெடுக்கும் எஸ்ஒய்எஃப்புக்காக (சிங்கப்பூர் இளையர் விழாவுக்காக) ஓரிரு பாட்டை மாதக்கணக்கில் பாடிப் பழகியது அங்கே உதவாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுருதிப் பயிற்சி. பியானோவில் வரும் அந்தர காந்தாரம் (ஸட்ஜத்துக்கு மேல் நான்கு அரைச் சுரம் தள்ளி வரும் ‘க’), இயற்கையாக ஒலிக்கும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். ஒரு அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்று கணக்கு. பியானோ இல்லாமல் பாடும்போது அதைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால்தான் நான்கு குரலும் அதிராமல் ஒட்டும். ஆசிரியர் இதைச் சொன்னதும் எனக்குத் தம்புரா ஞாபகம் வந்தது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் தானாகக் கேட்குமே, அதே காந்தாரம்! பாட்டுக் கிளாஸ் போன நம் பிள்ளைகளுக்குக் காது ஏற்கெனவே தயார். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் சுரத்தை நேராக நிறுத்தத்தான் பழக வேண்டும், அதற்கு நாளாகும்.

குறை என்று பார்த்தால், வேலை தேடுவதைப் பற்றி ஒரே ஒரு வகுப்புதான். சொன்னதெல்லாம் உண்மை: சிங்கப்பூர் சிம்பொனி கோரஸ் 1980 முதல் இருக்கிறது, அதில் பாடுபவர்கள் தன்னார்வலர்கள். கொயரை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது கடினம். இங்கிலாந்தில் தி சிக்ஸ்டீன் என்ற கொயர் குழு 2011இல் தொடங்கிய ஜெனிசிஸ் சிக்ஸ்டீன் பற்றியும் சொன்னார்கள். 18 முதல் 23 வயதுப் பாடகர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி. சரி, ஆடிஷனுக்கு எப்படிப் பதிவு செய்து அனுப்புவது, சம்பளம் எவ்வளவு கேட்பது? இதற்கெல்லாம் இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு சேருங்கள். அங்கே அதற்காக நிறுத்திச் சொல்லித்தர மாட்டார்கள்.