பாடசாலைக்கு நடையா, சைக்கிளா, வேனா? மலையகச் சரிவுகளுக்கு ஓர் ஒப்பீடு

உடல்தகுதிக்கு நடையைவிடச் சைக்கிளே மேல் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. டென்மார்க்கின் ஓடன்ஸ் நகர மாணவர்களைப் பற்றி 2006 இல் வெளிவந்த ஆய்வில், சைக்கிளில் போனவர்களின் இதய, நுரையீரல் தகுதி மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆனால் ஓடன்ஸ் தட்டையான ஊர். அங்கே நடக்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்காது, மிதிக்கிற பிள்ளைக்கு வாங்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் அப்புத்தளையிலும் இந்த நிலை முற்றிலும் மாறிவிடுகிறது.

நடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமதரையில் 1 கிலோமீற்றருக்கு 12 நிமிடம், அதன்மேல் ஒவ்வொரு 10 மீற்றர் ஏற்றத்துக்கும் 1 நிமிடம். மலையேறுபவர்களின் பழைய கணக்கு இது. தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து பாடசாலை 2 கிலோமீற்றர் தூரம், 120 மீற்றர் உயரம் என்றால் ஏற 36 நிமிடம், இறங்க ஏறத்தாழ 24 நிமிடம். இது பெரியவர்களின் வேகம். தரம் 3, 4 பிள்ளைகளுக்குப் பாதி நேரத்தைக் கூடுதலாகச் சேருங்கள். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல் அந்த ஏற்றத்திலேயே கிடைத்துவிடுகிறது. பிள்ளை ஏறும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்: பேச முடிந்து பாட முடியாவிட்டால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சுப் பிடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பையைத் திறந்து பார்க்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பை 3 கிலோவைத் தாண்டக் கூடாது. இறக்கத்தில் இதயத்துக்கு வேலை குறைவு, ஆனால் ஒவ்வோர் அடியும் தொடைத் தசைக்கும் எலும்புக்கும் பயிற்சி. சைக்கிளில் உட்கார்ந்து போகிறவருக்கு எலும்புக்கான இந்தப் பயிற்சி மிகக் குறைவு.

சைக்கிளைப் பொறுத்தவரை கியர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒற்றைக் கியர் வண்டியில் முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், 26 அங்குலச் சக்கரம் ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீற்றர் நகரும். 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் பாதையில் 40 கிலோ பிள்ளை, 16 கிலோ வண்டி, 4 கிலோ பை என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 40 சுற்று மிதிக்க ஏறத்தாழ 175 வாட் வலு தேவை. ஒரு பிள்ளையால் அதை நீண்ட நேரம் தாங்க முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். முன்னால் 28, பின்னால் 32 பல் உள்ள கியர் வண்டியில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் 95 வாட் போதும். கடினமான பயிற்சிதான், ஆனால் செய்யக்கூடியது. அதற்குக்கூட வேகம் மணிக்கு 6.5 கிலோமீற்றர்தான், விரைந்து நடப்பதைவிடச் சற்றே அதிகம்.

இறக்கம் இன்னும் மோசம். விளிம்பைப் பிடிக்கும் பிரேக், மழையில் முதல் சில சுற்றுகளுக்குத் தண்ணீரைத் துடைப்பதோடு சரி, வண்டி நிற்காது. பிரேக் கட்டையின் கோடுகள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். லீவரை முழுக்க அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டிலுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். தோட்டத்துப் பாதையின் சரளைக் கல்லில் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கி விழ நேரிடலாம். நுவரெலியாவில் கிரகறி வாவியை ஒட்டிய சமதரை போன்ற இடங்களில் சைக்கிளைத் தாராளமாகச் சொல்லலாம். தோட்டத்துப் பாதைகளில் எங்கள் தேர்வு நடைதான்.

வேனும் ஆட்டோவும் உடலுக்கு எதுவும் தருவதில்லை. ஆனால் தரம் 5 புலமைப்பரிசிலுக்குப் பிறகு 10 கிலோமீற்றர் தள்ளி நகரப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு வேறு வழி இல்லை. அங்கே கலப்பு முறை நல்லது: பாடசாலைக்கு ஒரு கிலோமீற்றர் முன்னால் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து இறக்கிவிடுங்கள். இறக்கிவிடும் இடம் வளைவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நடப்பவர்கள் வாகனம் எதிரே வரும்படி வீதியின் வலப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் திரும்பும் குறுகிய வளைவு வந்தால், அதற்கு நன்றாக முன்பே மறுபக்கம் கடந்து, வளைவு முடிந்தபின் திரும்ப வேண்டும். உட்பக்கமாக நடக்கும் பிள்ளை சாரதிக்குத் தெரியாது. பனிமூட்டத்தில் வெள்ளைச் சீருடையும் கண்ணில் படாது, மஞ்சள் மழைக்கோட்டு உதவும். தண்டவாளம் சரிவு குறைந்தது என்பதால் அதில் நடக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மலை வெட்டிய இடங்களிலும் சுரங்கத்திலும் ஒதுங்க இடமே இல்லை. அது எந்தப் பிள்ளைக்கும் பாதையல்ல.

சப்பாத்து நனைந்தால் குதிகால் கொப்பளிக்கும். செருப்போடு நடந்து, சப்பாத்தைப் பொலித்தீன் பையில் கொண்டுபோய்ப் பாடசாலையில் மாற்றட்டும். மேலே ஏறிப்போகும் பிள்ளைக்கு ஒரு மாற்றுப் பனியனும் வேண்டும், வியர்வையோடு குளிரில் உட்காரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சாப்பாடு. 2016 தேசிய அளவாய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். வெறும் தேத்தண்ணியோடு 120 மீற்றர் ஏறும் பிள்ளைக்கு அந்த நடை பயிற்சியாகாது, இருக்கிற வலுவையும் கரைக்கும். ரொட்டியோடு ஒரு முட்டையோ பருப்போ வேண்டும். வீடு மேலே, பாடசாலை கீழே என்றால் பிற்பகலில் விட்டபின்தான் ஏற்றம். அதற்கென்று பையில் கொஞ்சம் கடலையோ வாழைப்பழமோ தனியாக இருக்கட்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசச் செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், மஞ்சள் நிலையிலேயே மண்மேட்டை ஒட்டிய குறுக்குப் பாதையை விட்டுவிட்டுப் பெரிய வீதியால் போகச் சொல்லுங்கள். செம்மஞ்சள், சிவப்பு என்றால் அன்று பாடசாலைக்கே அனுப்ப வேண்டாம்.