நாஸ் பெட்டி வாங்கலாமா என்று கேட்ட வாலாஜா நண்பனுக்கு

விலை இறங்கியிருக்கிறது, வாங்கிப் போடலாமா என்று வாலாஜாவில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன் கேட்டான். ஆபீஸ் கணினிகள் எல்லாம் ஃபைல்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளும், இரண்டு டிஸ்க் போடும் அதே நாஸ் பெட்டி, ராணிப்பேட்டை சிப்காட்டில் எங்கள் தோல் கம்பெனி ஆபீஸில் சில வருடமாக ஓடுகிறது. வேகம், கொள்ளளவு எல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கும், விடு. ஏசி இல்லாத அறையில் கத்திரி வெயிலிலும் அது ஒருநாளும் படுத்ததில்லை. அதுவரைக்கும் தங்கமான பெட்டி.

என் எரிச்சல் எக்செல் ஷீட்டில். "எல்லாரும் எழுதட்டும், யாரும் எதையும் அழிக்கக் கூடாது" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நியாயமான ஆசைதான். அட்மின் பக்கத்தில் ரைட்டுக்கு டிக் உண்டு, டெலிட்டுக்கு இல்லை. அன்று பிடித்தது சனியன். வெட் ப்ளூ, அதாவது குரோமில் பதனிட்ட ஈரத் தோல், அதன் இருப்பு ஷீட் திறக்கிறது, சதுர அடி போட முடிகிறது, சேவ் கொடுத்தால் மட்டும் அனுமதி இல்லை என்கிறது. அதே ஃபோல்டரில் நோட்பேட் ஃபைல் ஜம்மென்று சேவ் ஆகிறது! கூடவே, எழுத்தும் எண்ணும் கலந்த எட்டெழுத்துப் பெயரில் அனாமதேய ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போயின. சர்வீஸுக்கு வந்த தம்பி எக்செல்லையே கழற்றி மாட்டிவிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் குப்பை ஃபைல்களில்தான் விஷயம் இருந்தது. எக்செல் பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை முழுசாக எழுதி, பழையதை அழித்து, அதன் பெயரைப் புதியதற்கு வைக்கும். ஆக, அழிக்க உரிமை இல்லாதவருக்கு சேவும் கிடையாது. நோட்பேட் இருக்கிற ஃபைலிலேயே எழுதுவதால் தப்பித்தது. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

டெலிட்டைத் திருப்பிக் கொடுத்தோம். முதலாளியின் பயத்துக்கு மணிக்கொரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து ஃபைல்களை அப்படியே பிடித்து வைக்கும் பதிவு, வைத்தோம். அங்கேதான் பெட்டி என்னை மயக்கியது. கட்டிங் சூப்பர்வைசர் ஒரு மாதக் கணக்கை வழித்துத் துடைத்து, சேவும் செய்துவிட்டு முழித்தார். ஃபைல்மேல் ரைட் கிளிக், முந்தைய பதிப்புகள், அவ்வளவுதான். மதியம் 12 மணி ஷீட் அப்படியே வந்து நின்றது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கரண்ட் போய் ஒருவர் கணினி பட்டென்று அணைந்தால், அவர்தான் ஷீட்டைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பெட்டி கொஞ்ச நேரம் சாதிக்கும். அவர் ஆற்காடு பஸ்ஸில் ஏறியிருப்பார். அட்மின் பக்கத்தில் அவர் இணைப்பைத் துண்டித்தால் சரியாகிவிடும். ஒரே ஷேருக்குள் (பெட்டியில் பொதுவாகத் திறந்துவிட்ட இடம்) கட் பண்ணிப் போட்ட ஃபைல் பழைய ஃபோல்டரின் பெர்மிஷனையே சுமந்து வரும்; காப்பி செய்தால் புது இடத்துடையது வரும். அப்புறம், யாரையாவது புது குரூப்பில் சேர்த்தால் அவர் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வரணும். இதை எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

போன வாரம் அப்டேட் போட்டதும் ஷிப்பிங் ஃபோல்டரின் டிக்கெல்லாம் கலைந்து கிடந்தது. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் ரீட் ஒன்லி.

அதனால் இப்போது கேட்டால், வாங்காதே என்றுதான் சொல்வேன். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி போடும் 20ஆம் தேதி தாண்டட்டும், மறுபடி கேள்.